நடுவிரல் பிக் எங்கே போனது

நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். கீழே போனது ஒருநாள் மேலே வந்தே தீரும் என்பதுதான் என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தத்துவம். அது என் வயிற்றுக்கும் பொருந்தும் என்பதை எழுபத்திரண்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிந்துகொண்டேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்குக் காட்ட எக்ஸ்ரே படம் இருக்கிறது. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

நான் ஸ்டீல் கிதார் வாசிப்பேன். மற்ற கிதார்க்காரர்கள் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். எங்கள் கிதாரை மடியில் மல்லாக்கப் படுக்கப்போட வேண்டும். இடது கையில் ஓர் எஃகு உருளையைப் பிடித்துத் தந்திகள்மேல் வழுக்கிக்கொண்டே போக, வலது கையால் மீட்ட வேண்டும். இடது கைதான் ஆளை அழவைக்கிறது என்று கேட்பவர்கள் நினைக்கிறார்கள். எல்லாம் வலது கையின் மூன்று விரல்களில் மாட்டியிருக்கும் மூன்று பிக்குகளின் வேலை. கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக்கில் ஒன்று. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் தகட்டில் ஒவ்வொன்று. மோதிரத்துக்கு ஒரு நாக்கு முளைத்த மாதிரி இருக்கும். அந்த நாக்கு நகத்துப் பக்கம் வரக் கூடாது, விரலின் சதைப் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டிக்கொண்டு ஒரு மாதம் வாசித்து, கிதாரில்தான் கோளாறு என்று கடையில் போய்ச் சண்டை போட்ட ஓர் ஆளை எனக்குத் தெரியும். அது நான்தான்.

பிக் பொறுக்குவது செருப்பு வாங்குவதைவிடக் கஷ்டம். செருப்பு கடித்தால் போட்டவன் மட்டும்தான் அழுவான். பிக் சரியில்லை என்றால் கூட்டமே அழும். தகடு மெல்லிசாக இருந்தால் காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம் வரும். தடிமனாக இருந்தால் சத்தம் திரண்டு உருண்டு வரும், ஆனால் விரல் கர்ப்பிணி மாதிரி நடக்கும். இறுக்கிப் போட்டால் மூன்றாவது பாட்டில் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். தளர்த்திப் போட்டால் பறக்கும். ஆரம்ப காலத்தில் என் விரலிலிருந்து ஒன்று பறந்துபோய், முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு வங்கி மேலாளரின் வாய்க்குள் விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் என் கச்சேரிகளுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு வந்தார்.

கட்டைவிரல் பிக் கடையிலிருந்து வரும்போது முகம் தெரியாத எவனோ ஒருவனுடைய கட்டைவிரலுக்குச் செய்ததாகத்தான் இருக்கும். வெந்நீரில் இரண்டு நிமிஷம் போட்டு இளகவைத்து, நம் விரலில் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் சொன்ன பேச்சு கேட்கும். நாலு நாளில் மறுபடி விறைத்துக்கொள்ளும். அதனால் என் கிதார் பக்கத்தில் எப்போதும் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கும். இந்த டம்ளரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சுருதி சேர்க்க இரண்டு கையும் வேண்டும். அப்போது பிக்குகளை எங்கே வைப்பது? சட்டைப் பையில் போட்டால் நசுங்கும். மேஜையில் வைத்தால் காணாமல் போகும். நான் வாயில் வைத்துக்கொள்வேன். எச்சில் பட்டால் விரலில் நன்றாகப் பிடிக்கும், அது கூடுதல் லாபம். "என்னிக்காவது ஒருநாள் முழுங்கத்தான் போறீங்க" என்று என் மனைவி கல்யாணமான மறுவாரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லி நடக்காதது இதுவரை எதுவுமில்லை. ஆனாலும் ஆம்பளைக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறதே.

என் நடுவிரல் பிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடப்போகிற ஒரு வாத்தியக் கடையில், ஒரு பெட்டி நிறைய பிக்கைக் கவிழ்த்துப்போட்டு, காலை முதல் சாயங்காலம்வரை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துப் பொறுக்கியது. இரண்டு பக்கமும் மும்மூன்றாக ஆறு ஓட்டை. ஓட்டை வழியாக விரல் சதை கொஞ்சம் பிதுங்கி நிற்பதால் எவ்வளவு வேர்த்தாலும் கழலாது. அதை மாட்டி நான் ஒரு தந்தியைத் தொட்டால், எதிரே இருப்பவர் பழைய கடன்காரனைக்கூட மன்னித்துவிடுவார். அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ரத்தம் கேட்டால் கொடுத்திருக்கிறேன். பிக் கேட்டால் காது கேட்காது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அது காணாமல் போனது.

அப்போது எங்கள் குழுவில் கூடவே கிதார் தட்டிக்கொண்டிருந்தவன் என் மச்சான், என் மனைவியின் ஒரே தம்பி. பல் செட் செய்வது அவன் தொழில். ஒரு வியாழக்கிழமை ஒத்திகை முடிந்து பிக் டப்பாவை மூடும்போது பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். மறுநாள் திறந்தால் நடுவிரல் இல்லை. மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். திங்கட்கிழமை ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "இந்த ரூம்ல ஒரு திருடன் இருக்கான். அவன் என் பொண்டாட்டிகூடப் பொறந்தவன்" என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் எனக்கு உண்டு.

மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. கிதாரை உறையில் போட்டான், ஜிப்பை இழுத்தான், போய்விட்டான். பதினொரு வருஷம் என் வீட்டுப் படி ஏறவில்லை. என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. கல்யாண ஆல்பத்தில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பூந்தொட்டி நிற்கிறது. என் மனைவி அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பவே மாட்டாள்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒன்பது வருஷம் முன்னால் என் கட்டைவிரல் பிக் ஒன்று, தேன் நிறம், இதே மாதிரி காணாமல் போனபோது நான் டபுள் பாஸ் என்கிற, அடிக்குரலில் உறுமும் ஆளுயர வயலினை வாசிப்பவரைத்தான் கேட்டேன். ஆறடி மூன்று அங்குலம் இருப்பார். கம்பம் என்று கூப்பிடுவோம். அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து, "எங்கிட்ட ஏன்யா கேக்கறே? ஒன் வயித்துக்குள்ள தேடிப் பாரு" என்றார். அன்றோடு குழுவை விட்டுப் போனார். திருடினதும் இல்லாமல் கிண்டல் வேறு. இருபது வருஷமாக அந்த அவமானத்தை நான் மறக்கவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் கிதாரை மடியில் போட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். வாயில் இரண்டு தகட்டு பிக்குகள், புதுசு, ஓட்டை இல்லாதவை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, துணியோடு துணியாக ஒரு வார்த்தையையும் மடித்து இந்தப் பக்கம் போட்டாள்.

"என்னங்க, வர்ற மாசம் தம்பிக்கு அறுபது முடியுதாம். நாம ரெண்டு பேரும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன் வீட்டுக்கா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். "அவ" என்பது மட்டும்தான் வெளியே வந்தது. ஒரு பிக் மடியில் விழுந்தது. இன்னொன்று உள்ளே போனது. போகிற வழியெல்லாம் எங்கெங்கே திரும்புகிறது என்று எனக்குத் தெரிந்தது. புதுசாக எண்ணெய் போட்ட லிஃப்ட் பெட்டி மாதிரி மெதுவாக, கௌரவமாக இறங்கிக் கீழ்த்தளத்தில் நின்றது.

மனைவி வந்து பார்த்தாள். மடியில் கிடந்ததைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள்.

"முழுங்கிட்டீங்களா?"

தலையாட்டினேன். அவள் "சொன்னேனே" என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் என்னை நிற்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, விடச் சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் போனவள் எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, எத்தனை முழுங்கினீங்க?"

"ஒண்ணுதாம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முழுங்கறதுல யோசிக்க என்னம்மா இருக்கு? ஒண்ணுதான்."

"ரெண்டு இருக்கே."

மிஷினில் கோளாறு இருக்கும் என்று நான் சொல்ல, அவள் இன்னொரு தடவை எடுத்தாள். மறுபடியும் இரண்டு. மூன்றாவது தடவை கேட்டேன். "போதும் தாத்தா, இன்னும் எடுத்தா இருட்டுல மின்னுவீங்க" என்று படத்தைக் கையில் கொடுத்துவிட்டாள்.

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைவி படத்தை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். என் விலா எலும்புகள் வேலிக்கம்பி மாதிரி வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே இரண்டு மோதிரங்கள், இரண்டு நாக்குகள். ஒன்று பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இன்னொன்று கொஞ்சம் மங்கல்.

மனைவி கண்ணைச் சுருக்கினாள். விரல் நகத்தால் படத்தின்மேல் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"என்னங்க."

"ம்."

"இதுல ஓட்டை இருக்குங்க. இந்தப் பக்கம் மூணு. அந்தப் பக்கம் மூணு."

அந்த ஆறு ஓட்டையைப் பற்றி நான் அவளிடம் பதினொரு வருஷத்தில் ஆயிரம் தடவையாவது புலம்பியிருப்பேன். அவள் அதைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். பெஞ்ச் லேசாக இறங்குகிற மாதிரி இருந்தது. நாற்பது வருஷத்தில் எத்தனையோ அறுந்த கயிறுகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

மனைவி படத்தை உறைக்குள் போட்டாள்.

"திருடன் என் தம்பி இல்லீங்க," என்றாள். "உங்க வயிறு."

டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தை விளக்கில் மாட்டினார், தலைகீழாகத் திருப்பியும் மாட்டிப் பார்த்தார்.

"இது ரெண்டாவது எப்போ போச்சு?"

"பதினோரு வருஷம் இருக்கும்."

"பதினோரு வருஷமா ஒரு தகடு இரைப்பையில தங்கியிருக்கா? அப்படியெல்லாம் இருக்காதே!"

"இருக்கே டாக்டர்."

"வலி, எரிச்சல் ஒண்ணுமே இல்லையா?"

"எரிச்சல் இருந்துச்சு. அது மச்சான்மேல இருக்கற கோவம்னு நெனச்சு விட்டுட்டேன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். பிறகு, புது பிக்கின் நுனி கூராக இருக்கிறது, குடலுக்கு இறங்கினால் கிழித்துவிடும், இன்றைக்கே வாய்வழியாகக் குழாய் விட்டு இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றார். காலையில் சாப்பிட்டது செரிக்க நேரம் வேண்டும். நாலு மணிக்கு வர வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. "நெருங்கின சொந்தம் யாராவது இதுல ஒரு கையெழுத்துப் போடணும்" என்று ஒரு தாளை மனைவி பக்கம் தள்ளினார்.

மனைவி அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"தம்பி போடுவான்" என்றாள்.

"யார் போட்டாலும் சரிம்மா" என்றார் டாக்டர், நிலைமை புரியாமல்.

வெளியே வந்ததும் கெஞ்சிப் பார்த்தேன். "இங்க பாரு, மொதல்ல எடுத்துடுவோம். அப்புறம் ஆற அமர ஒரு லெட்டர் எழுதறேன்."

"பதினோரு வருஷம் ஆறலையா? நீங்க அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவன் மனசு வந்து கையெழுத்துப் போடணும். இல்லேன்னா அது ரெண்டும் அங்கேயே ஜோடியா இருக்கட்டும்."

"குடல் கிழிஞ்சிடுமாம்மா!"

"என் பொண்ணு கல்யாண ஆல்பத்துல பூந்தொட்டியைப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கிழிஞ்சுதே. அப்போ நீங்க எந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க?"

நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மச்சானின் பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பித்தளைத் தகட்டில், பழுது பார்த்தவன் என்று என் பெயரே இருந்தது. வெறும் வயிற்றோடு, வெறும் வயிறு என்றும் சொல்ல முடியாது, மூன்று மாடி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் உள்ளே இரண்டு பிக்கும் ஒன்றையொன்று குசலம் விசாரித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

கதவு திறந்திருந்தது. சுவர் நெடுக அலமாரி, அலமாரி நிறைய பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். மேலும் கீழுமாக நூறு ஊர்க்காரர்கள் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். இளஞ்சிவப்பு மெழுகின் வாசனை. மச்சான் கையில் யாருடைய தாடையையோ வைத்துக்கொண்டு கடைவாய்ப் பல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. அது மாவா வயசா என்று ஒரு கணம் தெரியவில்லை.

அக்காவைப் பார்த்து எழுந்தான். பின்னால் என்னைப் பார்த்ததும் பாதி எழுந்த நிலையிலேயே நின்றான்.

"சொல்லுங்க" என்று மனைவி என் முதுகில் ஒரு விரலை வைத்தாள்.

"மச்சான்," என்றேன். அதற்குமேல் வரவில்லை. படத்தை நீட்டினேன்.

அவன் தொழிலுக்கு எக்ஸ்ரே புதிதில்லை. வாங்கி மேஜை விளக்கின் முன்னால் பிடித்தான்.

"யாரு வயிறு?"

"என்னுது."

"இது நடுவிரல் பிக்குல்ல?"

"ஆமா."

"ஆறு ஓட்டை."

"ஆமா மச்சான். நீ எடுக்கல. நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சுடு."

பதினொரு வருஷமாக மலை மாதிரி இருந்தது, சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதுமாயிருந்தது. மச்சான் உருகிவிடுவான், கட்டிப்பிடிப்பான், மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

மச்சானின் முகம் அலமாரியில் இருந்த தாடைகளின் நிறத்துக்குப் போனது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"இல்ல அத்தான்," என்றான். "நான்தான் எடுத்தேன்."

மனைவி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், என்னடா சொல்றே?"

"ஆமாக்கா. நானே எடுத்தேன். எனக்கும் ஸ்டீல் கிதார் வாசிக்கணும்னு ஆசை. கடையில வாங்கற பிக்கு எதுவும் அத்தானோடது மாதிரி பேசல. கேட்டா குடுக்க மாட்டாரு. அந்த வியாழக்கிழமை டப்பாவுலேருந்து எடுத்துட்டு வந்து, மெழுகுல அச்செடுத்து, பல்லுக்குப் போடற உலோகத்துல ஒண்ணு வார்த்துக்கிட்டேன். மூணே நாள். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொண்டாந்து திருப்பி வெச்சுட்டேன்."

"எங்கடா வெச்சே?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"நீங்க மூஞ்சில பேப்பரைப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. பக்கத்துல டம்ளர்ல வெந்நீர் ஆவி பறந்துட்டிருந்துச்சு. பிக்கை ஊறப் போடுவீங்களே, அந்த டம்ளர். எந்திரிச்சதும் கண்ணுல படட்டும்னு அதுக்குள்ள போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். மேஜையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. இரண்டும் எவர்சில்வர், இரண்டிலும் ஆவி. ஒன்றில் கட்டைவிரல் பிக் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொன்று நான் மாத்திரை போட்டுக்கொள்ள வைத்திருந்த வெந்நீர். எழுந்ததும் மாத்திரையை வாயில் போட்டு, அண்ணாந்து, ஒரே மடக்கில் குடித்தேன். அன்றைக்கு மாத்திரை கொஞ்சம் பெரிசாக இருந்ததாக ஞாபகம். இப்படியா மாத்திரை விற்பது என்று மருந்துக்கடைக்காரரிடம் மறுநாள் சண்டைகூடப் போட்டேன்.

இதைச் சொன்னதும் மச்சான் நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

"அய்யோ அத்தான். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? திருப்பி வெச்சதைக் கையில வாங்கி வெச்சுக்கிட்டு, மறுநாளே எல்லார் முன்னாடியும் திருடன்னு சொல்றாரே, இவரெல்லாம் ஒரு மனுஷனான்னு நெனச்சேன். திருடினதுக்குத் திட்டினா வாங்கிக்கலாம். திருப்பிக் குடுத்ததுக்கு அப்புறமும் திட்டினா எப்படி? பதினோரு வருஷமா உங்களை மாதிரி ஒரு கல்நெஞ்சன் ஒலகத்துலயே கிடையாதுன்னு பேசிட்டிருந்தேன்."

"நான் ஒன்னை மாதிரி ஒரு நெஞ்சழுத்தக்காரன் கிடையாதுன்னு பேசிட்டிருந்தேன்."

இரண்டு பேரும் அப்படியே பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். அலமாரியில் இருந்தவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அழப்போகிறாளா அடிக்கப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஒருத்தன் வாயைத் தொறந்து 'டம்ளர்ல வெச்சேன்'னு சொல்லியிருக்கலாம்," என்றாள் கடைசியில். "இன்னொருத்தர் வாயை மூடி வெச்சிருக்கலாம். நடுவுல என் பதினோரு வருஷம் போச்சு. அதை எந்தக் குழாய் விட்டு எடுக்கறது?"

மச்சான் எழுந்து போய் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் காப்பியை ஊற்றி என் முன்னால் நீட்டினான். பதினொரு வருஷம் கழித்து அவன் கொடுக்கும் முதல் காப்பி. நான் கையை நீட்டவில்லை. அவன் முகம் விழுந்தது.

"இன்னும் கோவமா அத்தான்?"

"கோவமில்லடா. நாலு மணிவரைக்கும் பச்சத் தண்ணிகூடக் கூடாதாம்."

அவன் அந்த டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அதை யார் கைக்கும் எட்டாத உயரத்தில், ஒரு கீழ்த்தாடையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். என் நடுவிரல் பிக்கின் அச்சு அசலான பிள்ளை. ஆறு ஓட்டையும் அப்படியே. உள்பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு மெழுகு அப்பியிருந்தது.

"உங்க வெரலுக்கு எடுத்த அளவுதானே. எனக்கு லூசு. மெழுகு வெச்சு அடைச்சுத்தான் வாசிப்பேன்."

"எங்க வாசிப்பே?"

"இங்கதான். இவங்க முன்னாடி." அலமாரியைக் காட்டினான். "பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போனதில்ல அத்தான். எல்லாரும் சிரிச்ச முகமாவே கேப்பாங்க."

மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு அதை என் நடுவிரலில் மாட்டினான். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி உட்கார்ந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. அது உணர்ச்சியா பழைய பிக்கா என்று சொல்லத் தெரியவில்லை.

மனைவி கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். மச்சான் பல் சுரண்டும் கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'மைத்துனன்' என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 'திருடனும்கூட' என்று எழுதப் போனவனை அவன் அக்கா மண்டையில் ஒன்று வைத்துத் தடுத்தாள்.

நாலு மணிக்குத் தொண்டையில் ஏதோ மருந்தடித்து மரத்துப்போக வைத்தார்கள். குழாய் இறங்கியது. அதன் நுனியில் விளக்கு. நான் எத்தனை லிஃப்ட் குழிகளில் விளக்கோடு இறங்கியிருப்பேன்! என் குழிக்குள் இன்னொருவர் இறங்குவதைப் படுத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் புதுசு வந்தது. பிறகு பழசு வந்தது. வெளியே எடுக்க வேண்டிய குழாயை டாக்டர் எடுக்கவில்லை. திரையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"சிஸ்டர், நான் பாக்கறதை நீங்களும் பாக்கறீங்களா?"

சிஸ்டர் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு பார்வையை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் வாங்கியதில்லை.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் ஒரு சின்ன எஃகுத் தட்டோடு வெளியே வந்தார். தட்டில் மூன்று இருந்தன.

"தகடு ரெண்டு, படத்துல பாத்தது. இது படத்துல விழல. பிளாஸ்டிக் விழாது. எனக்கு இதுக்குமேல கேள்வி கேக்கத் தெம்பில்ல" என்று தட்டைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மச்சான் அதை எடுத்துத் துடைத்தான். தேன் நிறம் போய்க் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் கட்டைவிரல் பிக், கட்டைவிரல் பிக்தான்.

"அத்தான், இது கம்பத்துமேல சொன்னதுல்ல?"

மனைவி கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தாள். "அவர் நம்பர் சொல்லுங்க."

என் தொண்டை மரத்திருந்தது. பேச்சு வரவில்லை. கடவுள் இருக்கிறார் என்று அந்த ஒரு நிமிஷம் நம்பினேன். ஆனால் மச்சானிடம் நம்பர் இருந்தது. அவனும் கம்பமும் இத்தனை வருஷமாக மாதம் ஒரு தடவை சந்தித்து என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மனைவி ஒலிபெருக்கியில் போட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு கம்பத்தின் குரல், இருபது வருஷம் கழித்தும் அதே டபுள் பாஸ், மெதுவாக வந்தது.

"எங்க தேடணும்னு நான் அன்னிக்கே சொன்னேனேம்மா."

இப்போது வியாழக்கிழமைகளில் மறுபடி ஒத்திகை நடக்கிறது. மச்சான் வார்த்த பிக் என் நடுவிரலில். என் வயிற்றில் பதினொரு வருஷம் ஊறி மெலிந்த பழசு, கொஞ்சம் நசுக்கினதும் மச்சானின் விரலுக்கு மெழுகே இல்லாமல் பொருந்திவிட்டது. அதில் அவன் வாசித்தால் சத்தம் என்னுடையதைவிட இனிமையாக இருக்கிறது என்று கம்பம் சொல்கிறார். உள்ளே இருந்து பதப்படுத்தியது நான் என்பதை யாரும் சொல்வதில்லை. அறுபதாவது பிறந்தநாளன்று என் மனைவி தம்பியை நிற்கவைத்து ஒரு ஃபோட்டோ எடுத்தாள். கத்தரியால் வெட்டி, ஆல்பத்தில் பூந்தொட்டியின்மேல் ஒட்டினாள். இலை இரண்டு மட்டும் அவன் காதுக்குப் பின்னால் தெரிகிறது.

எங்கள் வீட்டில் காப்பி கொடுத்தால் மனைவி, மச்சான், கம்பம் மூன்று பேருமே முதலில் ஸ்பூனை விட்டு அடிவரை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள். நான் ஒருவன்தான் அப்படியே குடிக்கிறேன். இனி காணாமல் போக என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஆள்காட்டி விரல் பிக் மட்டும் நேற்றிலிருந்து தென்படவில்லை. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.